வில்லோ பட்டையும் ஆஸ்பிரினும் ஒன்றா?

3 பிப்ரவரி 2024, கேள்வி

ஆஸ்பிரின் வில்லோ மரப்பட்டையிலிருந்துதானே வந்தது? அப்படியென்றால் மாத்திரையை விட்டுவிட்டு பட்டையையே சாப்பிடலாமே? வயிறும் கெடாது. முதுகுவலிக்கு யாராவது சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

3 பிப்ரவரி, இரவு

சாப்பிட்டவன் பேசுகிறேன். போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் கிடந்தபோது ஐந்து வாரம் வில்லோ பட்டைச் சாற்று மாத்திரை எடுத்தேன். சாதாரண வலி மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது, மூன்றாம் நாளே நெஞ்செரிச்சல் வந்துவிடும். பட்டை என் வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. முதல் வாரம் இடுப்பையும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் ஷூ கயிற்றை நானே குனிந்து கட்டினேன். அப்புறம் படிப்படியாகச் சரியானது.

பட்டையில் இருக்கும் முக்கியமான சரக்கு சாலிசின். உடம்புக்குள் போய் அது சாலிசிலிக் அமிலமாகிறது. ஆஸ்பிரின் அதன் உடன்பிறப்பு. 1763இலேயே எட்மண்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் காய்ச்சலுக்கு வில்லோ பட்டைப் பொடி கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். பட்டை என்பது மிதமான ஆஸ்பிரின், அவ்வளவுதான். கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதுதான்.

5 பிப்ரவரி

திருத்தம். அவர் எட்மண்ட் இல்லை, எட்வர்ட் ஸ்டோன். தவறு என்னுடையது மட்டுமல்ல. லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் அவர் கடிதத்தை அச்சிட்டபோதே பெயரை எட்மண்ட் என்று போட்டுவிட்டார்கள். பாவம், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை புகழ் வந்தது, அதுவும் வேறு பெயரில்.

பெயரைச் சரிபார்க்கப் போய் கடிதம் முழுவதையும் படித்துவிட்டேன், நல்ல கதை அது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊர்க்காரர். ஒரு நாள் தற்செயலாக வில்லோ பட்டையை வாயில் போட்டு மென்றிருக்கிறார். ஏன் மென்றார் என்று கேட்காதீர்கள். கசப்பு தாங்கவில்லை. சின்கோனா பட்டையும் இப்படித்தானே கசக்கும், அது குளிர்காய்ச்சலுக்கு ஆகிறதே, இதுவும் ஆகுமோ என்று தோன்றியிருக்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் வேடிக்கை. குளிர்காய்ச்சல் ஈரமான சதுப்பு நிலத்தில் வருகிறது, வில்லோவும் அங்கேதான் வளர்கிறது, நோய் வரும் இடத்திலேயே கடவுள் மருந்தையும் வைத்திருப்பார் என்பது அவர் கணக்கு.

ஒரு பவுண்டு பட்டையைச் சேகரித்து, ரொட்டி சுடும் அடுப்பின் வெளிப்பக்கத்தில் மூன்று மாதத்துக்கும் மேல் காயவைத்துப் பொடித்தார். சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். பெரும்பாலும் கேட்டது என்கிறார். சில பிடிவாதக் காய்ச்சல்களுக்கு மட்டும் கேட்கவில்லை, அப்போது ஐந்தில் ஒரு பங்கு சின்கோனா பொடியைக் கலந்ததும் தீர்ந்தது என்கிறார்.

இந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தக் குளிர்காய்ச்சலில் பெரும்பகுதி மலேரியாவாக இருந்திருக்கும். சின்கோனாவில் இருக்கும் குவினைன் மலேரியாக் கிருமியையே கொல்லும். வில்லோவால் அது முடியாது, சூட்டை இறக்கும், உடம்புவலியைக் குறைக்கும், அவ்வளவே. இரண்டும் கசப்பதைத் தவிர அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. ஆனால் அந்தப் பொய் உறவிலிருந்துதான் ஒரு நிஜ மருந்தின் கதை ஆரம்பிக்கிறது.

6 பிப்ரவரி

கிரிக்கெட் மட்டை வில்லோ மரம்தானே, அதைச் சுரண்டிச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மட்டையில் பட்டை இல்லை ஐயா, வெறும் கட்டை. தவிர மட்டைக்கு எடுப்பது வெள்ளை வில்லோவின் ஒரு வகை. வில்லோ இனங்களில் சாலிசின் குறைவாக இருப்பதும் அதில்தான். ஊதா வில்லோ, டாஃப்னாய்டிஸ் வில்லோ போன்ற இனங்களில்தான் நிறைய. பந்து பட்டு விரல் வீங்கினால் ஐஸ் வையுங்கள்.

9 பிப்ரவரி

3ஆம் தேதி எழுதிய "மிதமான ஆஸ்பிரின்" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். அது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. ஏன் ஆபத்து என்பதை அடுத்த குறிப்பில் சொல்கிறேன், முதலில் வேதியியல்.

சாலிசின் என்பது ஒரு சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு. வயிற்றில் அது பெரும்பாலும் சும்மா கடந்து போகிறது. குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியா சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது. மிச்சம் சாலிசில் ஆல்கஹால். அது ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் ஆக்சிஜன் சேர்ந்து சாலிசிலிக் அமிலமாகிறது. இத்தனை படி ஏறி இறங்குவதால் வேலை செய்ய நேரமாகிறது. தலைவலிக்கு ஒன்றைப் போட்டுவிட்டு அரை மணியில் எழுந்து உட்காரலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். என் வயிறு சும்மா இருந்ததற்கும் இந்தச் சுற்றுவழிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பிரின் வேறு. சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் என்ற ஒரு சின்ன வால் ஒட்டியிருக்கும். எல்லா வித்தியாசமும் அந்த வாலில்தான் இருக்கிறது. நம் உடம்பில் சைக்ளோஆக்சிஜனேஸ் என்று ஒரு நொதி உண்டு. வீக்கம், வலி, காய்ச்சலைக் கிளப்பிவிடும் புரோஸ்டாகிளாண்டின்களுக்கு மூலப்பொருள் தயாரிப்பது அதுதான். இதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆஸ்பிரின் போய் அந்த நொதிக்குள் தன் வாலை ஒட்டிவிட்டு வந்துவிடும். பூட்டின் சாவித் துவாரத்தில் குச்சியை ஒடித்துவிட்டு ஓடிய பையன் மாதிரி. அந்தப் பூட்டு இனி திறக்காது, புதுப் பூட்டுதான் போடவேண்டும். பட்டையிலிருந்து வரும் சாலிசிலிக் அமிலத்திடம் ஒடிக்கக் குச்சியே கிடையாது. கொஞ்ச நேரம் வாசலை மறித்து நிற்கும், அப்புறம் நகர்ந்துவிடும்.

ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, எனவே புதுப் பூட்டு செய்துகொள்ளத் தெரியாது. ஒரு முறை ஆஸ்பிரின் பட்டால் அந்தத் தட்டணு சாகும்வரை, ஏழு முதல் பத்து நாள், அது அப்படியே. இதய நோயாளிகளுக்குத் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் கொடுப்பது ரத்தம் கட்டியாக உறையாமல் இருக்கத்தான். பட்டை இந்த வேலையைச் செய்யாது. தட்டணுக்கள் மேல் அதற்கு விளைவு இருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள், ஆனால் ஆஸ்பிரினுக்குப் பக்கத்தில் வைக்க முடியாத அளவுக்குச் சின்னது.

9 பிப்ரவரி, நள்ளிரவு

இப்போது என் வீட்டுக் கதை. என் மாமனாருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். நான் பட்டை மாத்திரை தின்றுகொண்டிருந்த நாட்களில் ஒரு முறை வீட்டுக்கு வந்தவர், "என்ன மாப்பிள்ளை இது?" என்று கேட்டார். "ஆஸ்பிரின்தான் மாமா, மரத்திலிருந்து வருவது, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தபோது எதேச்சையாகத் தெரிந்தது. மாமா தன் மாத்திரையை நிறுத்திவிட்டு வில்லோ பட்டை வாங்கிச் சாப்பிடுகிறாராம். நான்கு நாளாக. "மாப்பிள்ளையே சொன்னாரே" என்றாராம்.

அன்றே மருத்துவரிடம் பேசி மறுபடி ஆரம்பித்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. தட்டணுக்களில் பாதிக்கு மேல் இன்னும் பழைய ஆஸ்பிரினால் பூட்டப்பட்டே இருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது, அன்று தெரியாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் என்ன ஆகும் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

இவ்வளவு நடந்தும் ஆறு நாள் முன்பு இங்கே "மிதமான ஆஸ்பிரின்" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். நாக்கில் ஒட்டிக்கொண்ட வார்த்தை.

13 பிப்ரவரி

சரி, வலிக்காவது கேட்குமா? இரண்டு ஆய்வுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன், தலை சுற்றுகிறது.

முதலாவது 2000ஆம் ஆண்டு வெளியானது. நாள்பட்ட கீழ்முதுகு வலி திடீரென்று அதிகமான 210 பேர். ஒரு பிரிவுக்குத் தினம் 240 மில்லிகிராம் சாலிசின் உள்ள பட்டைச் சாறு, இன்னொன்றுக்கு 120, மூன்றாவதுக்கு மருந்தில்லா மாத்திரை. நான்காவது வாரத்தில் குறைந்தது ஐந்து நாள் வலியில்லாமல் இருந்தவர்கள் முறையே 39, 21, 6 சதவீதம். அளவு ஏற ஏற பலனும் ஏறுகிறது. இதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

இரண்டாவது 2004இல் வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 127 பேர், ஆறு வாரம். அதே 240 மில்லிகிராம் பட்டைச் சாறு ஒரு பக்கம், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து 100 மில்லிகிராம் ஒரு பக்கம், மருந்தில்லா மாத்திரை ஒரு பக்கம். வலி குறைந்தது: டைக்ளோஃபினாக்குக்கு 47 சதவீதம், பட்டைக்கு 17, மருந்தில்லா மாத்திரைக்கு 10. பதினேழும் பத்தும் புள்ளியியல்படி ஒன்றுதான் என்கிறார்கள். கூடவே முடக்குவாதம் உள்ள 26 பேரிடமும் பார்த்தார்கள், அங்கும் தேறவில்லை.

முதுகுக்குக் கேட்டது மூட்டுக்குக் கேட்கவில்லையா, இல்லை முதல் ஆய்வில் வந்தது அதிர்ஷ்டமா? மூட்டுத் தேய்மானத்துக்கே 2001இல் 78 பேரிடம் இரண்டு வாரம் செய்த ஒரு சின்ன ஆய்வில் வலி 14 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆறு வாரம், கூடுதல் ஆட்கள், எதிரே ஒரு நிஜ மருந்து என்று வைத்ததும் பட்டை பின்தங்கிவிட்டது. நான் 2004 ஆய்வையே நம்புகிறேன், மூட்டு விஷயத்தில் மட்டும்.

14 பிப்ரவரி

என் முதுகு? பட்டை சரிசெய்ததா என்று எனக்கே தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். திடீரென்று பிடித்துக்கொள்ளும் இடுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே விட்டுவிடும். நான் பட்டை சாப்பிட்டது சரியாக அந்தச் சில வாரங்கள்தான்.

18 பிப்ரவரி

பொடியாக வாங்கலாமா, சாறாக வாங்கலாமா என்று கேட்டவருக்கு ஒரு கணக்கு. ஐரோப்பிய மருந்து நூலின்படி வில்லோ பட்டை என்று பெயர் வைக்க சாலிசின் வகைப் பொருட்கள் குறைந்தது 1.5 சதவீதம் இருக்கவேண்டும். அந்தத் தரத்தில் 240 மில்லிகிராம் சாலிசினுக்கு 16 கிராம் பட்டை. 400 மில்லிகிராம் பொடி அடைத்த ஒரு கேப்சூலில் சாலிசின் 6 மில்லிகிராம்தான். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட ஒரு நாளைக்கு 40 கேப்சூல் விழுங்கவேண்டும். வெள்ளை வில்லோவாக இருந்து சாலிசின் அரை சதவீதம் என்றால் 120 கேப்சூல். சாப்பாடே தேவைப்படாது.

எனவே வெறும் பட்டைப் பொடி தின்று "எனக்குக் கேட்டது" என்பவர்கள் வேறு எதையோ அனுபவித்திருக்கிறார்கள். ஆய்வுகளில் கொடுத்தது சாலிசின் அளவைக் குறித்த, செறிவாக்கிய சாறு. அட்டையில் சாலிசின் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பட்டை எத்தனை மில்லிகிராம் என்பது வேறு எண்.

19 பிப்ரவரி

இதே கணக்கைப் பழைய ஆட்களுக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஸ்டோன் ஒரு வேளைக்கு 20 கிரெய்னில் (கிரெய்ன் பழைய எடை, சுமார் 65 மில்லிகிராம்) ஆரம்பித்து ஒரு டிராம்வரை, நான்கு மணிக்கு ஒரு முறை கொடுத்திருக்கிறார். ஒரு டிராம் 3.9 கிராம். ராத்திரியும் எழுப்பிக் கொடுத்திருந்தால் நாளைக்கு 23 கிராம். நல்ல பட்டையாக இருந்தால் 350 மில்லிகிராம் சாலிசின். இன்றைய ஆய்வு அளவிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

ஆனால் 1870களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மருத்துவர் தாமஸ் மக்லாகன் வாதக்காய்ச்சலுக்குக் கொடுத்தது பட்டையை அல்ல, பிரித்தெடுத்த சாலிசினை. முதலில் தானே 5, 10, 30 கிரெய்ன் என்று விழுங்கிப் பார்த்துவிட்டு, நோயாளிக்கு மூன்று மணிக்கு ஒரு முறை 12 கிரெய்ன். நாள் முழுக்கத் தொடர்ந்தால் 6 கிராமுக்கு மேல்! இப்போதைய 240 மில்லிகிராமைப் போல 25 மடங்கு. வீங்கிய மூட்டுகள் வடிந்தன, காய்ச்சல் இறங்கியது என்று 1876இல் வெளியிட்டார். அந்தப் புகழைக் காட்டித்தான் இன்று 6 மில்லிகிராம் கேப்சூல் விற்கிறார்கள்.

22 பிப்ரவரி

முதல் கேள்வியின் முதல் பாதியை நான் கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறேன். "ஆஸ்பிரின் வில்லோவிலிருந்து வந்தது." பாதி உண்மை.

1828இல் மியூனிக்கில் புக்னர் பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தார், அடுத்த ஆண்டு பிரான்சில் லெரூ அதைச் சுத்தமான படிகமாக எடுத்தார். 1838இல் இத்தாலிய வேதியியலாளர் பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலம் செய்தார். இதுவரை வில்லோவின் கதை. ஆனால் அதே அமிலம் புல்வெளியில் வளரும் ஸ்பைரியா என்ற செடியின் பூவிலிருந்தும் கிடைத்தது. ஆஸ்பிரின் என்ற பெயரில் நடுவே இருக்கும் "ஸ்பிர்" அந்தச் செடிதான், முன்னால் இருக்கும் "ஆ" அசிட்டைல். பெயரில் வில்லோ இல்லவே இல்லை. பிறகு கோல்பே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பீனாலிலிருந்தே சாலிசிலிக் அமிலம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். பீனால் அப்போது வந்தது நிலக்கரித் தாரிலிருந்து. பேயர் என்ற ஜெர்மானிய மருந்து நிறுவனத்தில் 1897இல் ஹாஃப்மன் ஆஸ்பிரின் செய்தபோது யாரும் மரத்தை உரித்துக்கொண்டிருக்கவில்லை. (அதற்கு 44 ஆண்டு முன்பே கெர்ஹார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஆஸ்பிரினைச் சுத்தமில்லாத வடிவில் செய்துவிட்டார். "ஹாஃப்மன் என் யோசனைப்படிதான் செய்தார்" என்று சக ஊழியர் ஐகன்க்ரூன் 1949இல் எழுதினார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.)

பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் வலிக்கு வில்லோ பட்டை கொடுத்தார் என்று எல்லா மாத்திரை அட்டையிலும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவர் பெயரில் இருக்கும் நூல்களில் வில்லோ இலையைப் புகை போடச் சொல்லும் இடம் இருக்கிறது, பெண்களின் கருப்பை நோய்க்கு. இன்னொரு கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் பட்டையைச் சாம்பலாக்கி வினிகரில் குழைத்து ஆணிக்கால் மேல் பூசச் சொல்கிறார். இன்றைக்கும் ஆணிக்கால் பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம்தான், ஆனால் சாம்பலில் அது எரிந்து போயிருக்குமே!

27 பிப்ரவரி

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 240 மில்லிகிராம் சாலிசின் சாப்பிட்டவர்களின் ரத்தத்தை அளந்தபோது, வெறும் 87 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டால் வரும் அளவுக்கே சாலிசிலேட் (சாலிசிலிக் அமில வகை) இருந்தது. (என் மாமனாரின் 75க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள்.) வலிக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளைக்கே 500 எடுக்கிறார்கள். அப்படியானால் முதுகுவலிக்காரர்களுக்கு 39 சதவீதம் எப்படி வந்தது?

பட்டையில் மற்றவையும் இருக்கின்றன: சாலிகார்ட்டின், டிரெமுலாசின் போன்ற சாலிசினின் உறவுகள், நரிஞ்செனின் போன்ற ஃபிளேவனாய்டுகள், கேட்டக்கின், துவர்ப்பைத் தரும் டானின்கள். சோதனைக்குழாயில் இவற்றில் பல அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகளை அடக்குகின்றன. எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது என்பது வாதம். இருக்கலாம். ஆனால் சோதனைக்குழாயில் செல்மேல் ஊற்றும் அளவுக்கும் குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வரும் அளவுக்கும் நடுவே பெரிய பள்ளம். "எல்லாம் சேர்ந்து" என்பது விடை தெரியாத இடத்தில் போடும் மரியாதையான திரையாகவும் இருக்கலாம்.

சாலிசிலிக் அமிலமும் வெறும் வாசல் மறிப்பு இல்லை, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழற்சி மரபணுக்களைத் தட்டி எழுப்பும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அது அடக்குகிறது என்று 1994இல் காட்டினார்கள். அளவு அதிகம் வேண்டும் என்பதுதான் சிக்கல். மக்லாகன் அளவு.

28 பிப்ரவரி

மரத்துக்கு எதற்கு இது என்று ஒருவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நமக்காக இல்லை. கசப்பு, துவர்ப்பெல்லாம் தின்ன வருபவற்றை விரட்ட. சாலிசிலிக் அமிலம் செடிகளுக்குள் ஓர் அபாயச் சங்கு மாதிரி: ஓரிடத்தில் நோய் தாக்கினால் மற்ற இலைகள் தயாராகும். 1979இல் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் ஊசி போட்டதும் அது மொசைக் வைரஸை நன்றாக எதிர்த்தது. அதாவது செடிக்கும் ஆஸ்பிரின் கேட்கிறது.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் இன்றைக்குத்தான் திரும்பி வந்து சொல்கிறார். ஆஸ்பிரின் சாப்பிட்டால் அவருக்கு மூச்சு இழுக்குமாம், உடம்பில் தடிப்பும் வருமாம், அதனால்தான் "இயற்கையான" பட்டையைக் கேட்டாராம். ஐயா, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! ஒரு மாதமாக நான் சிப்பிங் நார்ட்டனைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இது வேண்டாம். 210 பேர் ஆய்வில் பட்டைச் சாறு எடுத்த ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சல் கண்ட பிள்ளைகள் யாருக்கும் பட்டை ஆகாது. பிள்ளைகளுக்கு ரெய் நோய்க்குறி என்ற பயம் இருக்கிறது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும். ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டீர்களா? திறக்காதீர்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், இப்போதே.

2 மார்ச், ஒரு மணி நேரம் கழித்து

வாங்கவில்லையாம். நல்லது.